தார் போட்ட பிறகும் எதற்கு எஸ்.யூ.வி.?

உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, கடைசியில் ராமேஸ்வரம் என்று போவது பழைய யாத்திரை வழி. நடந்தும் மாட்டுவண்டி கட்டியும் போன வழி இன்று முழுக்கத் தார்ச்சாலை. தொண்டியிலிருந்து உப்பூரைத் தொட்டுக்கொண்டு தேவிபட்டினம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. வழியில் மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. ராமநாதபுரம் மாவட்டம் தமிழ்நாட்டின் மிகத் தட்டையான நிலங்களில் ஒன்று.

அப்படிப்பட்ட ஊரில், கோயில் வாசலில் நிற்கும் கார்களைப் பாருங்கள். கிரெட்டா, நெக்ஸான், பிரெஸ்ஸா, ஸ்கார்பியோ, தார். மலையேறவும் காட்டாறு கடக்கவும் செய்ததுபோலத் தோற்றம் கொண்ட வண்டிகள் மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் சாமி கும்பிட வந்திருக்கின்றன. உப்பூரில் மட்டும் இப்படியில்லை. 2024–25 நிதியாண்டில் இந்தியாவில் விற்ற பயணிகள் கார்கள் சுமார் 43 லட்சம். அவற்றில் 28 லட்சம், அதாவது 65 சதவீதம், எஸ்.யூ.வி.யும் அதன் உறவு வண்டிகளும் என்று வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் கணக்குச் சொல்கிறது. இத்தனை பேருக்கு இந்த வண்டி நிஜமாகவே தேவையா? வேறு ஊர்களில் இதை விவாதம் செய்துகொண்டே இருக்கலாம். இந்தக் கடற்கரையில் விடை காண ஒரு வசதி இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் போகவே முடியாத ஓரிடம் இங்கே இருந்தது. அந்தத் தேவை தீர்ந்துபோன ஆண்டும் நமக்குத் தெரியும்.

அந்த இடம் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் ரயில் நிலையத்தோடும் துறைமுகத்தோடும் ஊர் அழிந்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டு, முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணல், சேறு, உப்புநீர்த் தேக்கம். சுற்றுலா வந்தவர்கள் தங்கள் காரைச் சத்திரத்தில் விட்டுவிட்டு, நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஜீப்பிலோ வேனிலோ நெருக்கியடித்து உட்கார்ந்துதான் போக வேண்டும். எந்த விலையுயர்ந்த காராக இருந்தாலும் சத்திரத்தோடு நின்றது. பிறகு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரையும், அங்கிருந்து அரிச்சல்முனை வரையும், மொத்தம் 9.5 கிலோமீட்டருக்குத் தார் போட்டார்கள். 2017 ஜூலையில் பிரதமர் அந்தச் சாலையைத் திறந்துவைத்தார். அன்று முதல் ஆட்டோவும் மாருதி ஆல்டோவும் இந்தியாவின் அந்த முனைவரை போய்த் திரும்புகின்றன. தேவை ஒரே நாளில் மறைந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவில் எஸ்.யூ.வி. விற்பனை தலைதெறிக்க ஏறியது அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான்.

மணலில் வண்டி ஏன் தவிக்கிறது என்று பார்த்தால், எஸ்.யூ.வி. என்று விற்கப்படும் பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த வேலை தெரியாது என்பதும் புரிந்துவிடும். தார்ச்சாலையில் டயர் உருளும்போது எதிர்க்கும் விசை, வண்டி எடையில் நூற்றில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்குதான். காய்ந்த மணலில் அது ஐந்தில் ஒரு பங்கையும் தாண்டும். ஏறக்குறைய இருபது மடங்கு. சக்கரம் தன் முன்னால் எப்போதும் ஒரு சிறு மேட்டை உண்டாக்கி அதன்மீது ஏற முயன்றுகொண்டே இருக்கிறது. இதைச் சமாளிக்க டயரின் காற்றைக் குறைப்பார்கள். 1,400 கிலோ வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ பாரம் வருகிறது. 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் டயர் தரையில் பதியும் பரப்பு சுமார் 155 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரட்டிப்பாகி, மணலை அழுத்தும் அழுத்தம் பாதியாகிறது. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு புதையும் என்பதால், இங்கே பெரிய வண்டி என்பது பெருமையே இல்லை, சுமை.

அடுத்தது டிஃபரன்ஷியல். சாலையில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு இது. மணலில் இதுவே எமன். ஒரு சக்கரம் பிடி இழந்து சுழல ஆரம்பித்தால், மறு சக்கரத்துக்கும் இழுவை கிடைக்காமல் போய்விடும். முன்னிரு சக்கரங்களுக்கு மட்டும் இழுவை தரும் வண்டியில் ஒரு சக்கரம் சுழன்றால் கதை முடிந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். தனுஷ்கோடி ஜீப்புகளுக்குப் பின்சக்கரங்களும் இழுத்தன, குறைந்த வேகத்தில் அதிக இழுவை தரும் தனிக் கியரும் இருந்தது.

இப்போது கோயில் வாசலுக்குத் திரும்புவோம். கிரெட்டா, நெக்ஸான், பிரெஸ்ஸா, பன்ச் என்று இந்தியாவில் அதிகம் விற்கும் எஸ்.யூ.வி.கள் பலவும், இன்று நாம் வாங்கும் பெட்ரோல், டீசல் வடிவங்களில், முன்சக்கர இயக்கம் மட்டுமே கொண்டவை. அதாவது இழுவையில் அவையும் ஸ்விஃப்டும் ஒரே சாதி. மகிந்திரா தாருக்குக்கூட 2023 ஜனவரியிலிருந்து இருசக்கர இயக்க வடிவம் வந்துவிட்டது. மலிவு என்பதால் நிறைய விற்கிறது. கடற்கரையில் இறங்கிப் புதைந்து, டிராக்டர் கட்டி இழுக்கப்படும் வண்டிகளின் காணொளிகளைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஓட்டியவரைக் குறை சொல்லிப் பயனில்லை. விளம்பரம் அவருக்கு மலையைக் காட்டியது, கம்பெனி கொடுத்தது ஹேட்ச்பேக்கின் இழுவையை.

அப்படியானால் இந்த உருவம் எங்கிருந்து வந்தது? பாதி விடை சட்டங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 1975-இல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது, கார்களுக்குக் கடுமையான அளவுகோலும் லாரி வகையறாவுக்குத் தளர்ந்த அளவுகோலும் வைத்தார்கள். விவசாயிக்கும் தச்சருக்கும் தரப்பட்ட சலுகை அது. கார் கம்பெனிகள் லாரியின் அடிச்சட்டத்தின்மேல் குடும்பக் காரின் உடம்பைக் கட்டி, அதே சலுகையில் விற்றன. 1990-இல் வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் அந்த வழியில் பெருவெற்றி கண்டது.

நம் கதை இன்னும் சுவையானது. 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கான உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோலானால் 1,200 சி.சி., டீசலானால் 1,500 சி.சி.க்குள். பட்ஜெட்டைப் படித்தவர் ப. சிதம்பரம்; உப்பூருக்குப் பக்கத்து மாவட்டமான சிவகங்கைக்காரர். ஏழைக்கு எட்டும் சின்ன கார் பெருகட்டும் என்பது நோக்கம். பெருகியது வேறு. நீளத்தைக் கட்டிப்போட்டார்களே ஒழிய உயரத்தை யாரும் கட்டவில்லை. கார் நீள முடியாதபோது மேலே வளர்ந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த ஈக்கோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். சட்டத்தின் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இந்தப் பக்கம். 2013-இல் அது வந்ததும் சந்தையே அந்தத் திசையில் திரும்பியது. ஓரகடத்தில் டஸ்டர், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் கிரெட்டா என்று இந்த மோகத்தின் பிரசவ அறைகள் பலவும் தமிழ்நாட்டில்தான் இருந்தன.

இன்னொரு வினோதம். ஜி.எஸ்.டி. வந்தபின் எஸ்.யூ.வி. என்றால் என்ன என்று அரசே வரையறுத்தது: நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், ஆள் ஏறாதபோது தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ. இந்தக் கணக்கில் நெக்ஸானும் பன்ச்சும் எஸ்.யூ.வி.யே இல்லை. ஷோரூமில் எஸ்.யூ.வி., வரி கட்டுமிடத்தில் சின்ன கார். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார் வரி 18 சதவீதம். பெரிய வண்டிகளுக்கு 40. முன்பு மேல்வரியையும் சேர்த்துப் பெரிய எஸ்.யூ.வி.க்கு 50 சதவீதம் இருந்தது என்பதால், அதுவும் விலை குறைந்ததுதான்.

மீதிப் பாதி விடை தெருவில் கிடக்கிறது. எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்களிடம் காரணம் கேட்டால், ராமநாதபுரத்திலும் மதுரையிலும் முதலில் வரும் பதில் இதுதான்: “மத்த வண்டின்னா அடி தட்டுது சார்.” இதைக் கேலி செய்ய மாட்டேன். வேகத்தடையில் அடி தட்டும் சத்தம் காரோட்டியின் வயிற்றைக் கலக்கும் சத்தம். ஆனால் அந்தச் சத்தத்துக்குக் குற்றவாளி யார் என்று கொஞ்சம் வடிவியல் போட்டுப் பார்க்கலாம்.

வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதி வகுத்திருக்கிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான மேடு 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். மேடு அதைவிட அகலம் என்பதால், கார் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேல் மேடு எவ்வளவு புடைத்திருக்கும்? வட்டத்தின் சூத்திரம் எளிது: சக்கர இடைவெளியின் வர்க்கத்தை, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 2.45 பெருக்கல் 2.45 என்பது 6; அதை 136-ஆல் வகுத்தால் 0.044 மீட்டர். வெறும் நாலரை சென்டிமீட்டர்! ஸ்விஃப்டின் அடி இடைவெளி 16 சென்டிமீட்டருக்கு மேல். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறி ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அமுங்கினாலும், விதிப்படி போட்ட வேகத்தடையில் இந்தியாவின் எந்தச் சாதாரண காரும் தட்டாது.

நம் ஊரில் போடுவது வேறு. ஒரு விபத்து நடக்கும், ஊரார் மறியல் செய்வார்கள், இரண்டு சட்டி தார்க்கலவையோ சிமெண்டோ கொட்டி இரவோடு இரவாக ஒரு வரப்புக் கட்டுவார்கள். உயரம் 15 சென்டிமீட்டர், அகலம் அரை மீட்டர் இருக்கலாம். வெள்ளைக் கோடு கிடையாது, முன்னறிவிப்புப் பலகை கிடையாது. இந்த வரப்பு இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே முழுசாக அடங்கிவிடும். அப்போது முழு 15 சென்டிமீட்டரும் காரின் அடிக்கு நேராக நிற்கிறது. ஆள் ஏறி அமுங்கிய ஸ்விஃப்டின் இடைவெளி 12, 13 ஆகிவிடுவதால் தட்டுகிறது. 19 சென்டிமீட்டர் இடைவெளி கொண்ட கிரெட்டா மயிரிழையில் தப்புகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் 27 மில்லிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவான உயரத்துக்காக ஒரு குடும்பம் பல லட்சம் கூடுதலாகக் கடன் வாங்குகிறது. சாலை போடுகிறவர் செய்ய வேண்டிய வேலையைக் கார் வாங்குகிறவர் தவணை கட்டிச் செய்கிறார்.

இதில் ஒரு விஷச் சுழலும் இருக்கிறது. குறுகிய மேட்டை வேகமாகக் கடந்தால் சக்கரம் மட்டும் துள்ளி இறங்கும். உடம்பு கனத்த வண்டி அசைவதற்குள் மேடு தாண்டிப்போகும். பெரிய டயரும் நீண்ட ஸ்பிரிங் அசைவும் கொண்ட எஸ்.யூ.வி.யில் மேடு இருப்பதே தெரியாது. வேகம் குறையாது. ஊரார் மேட்டை இன்னும் உயர்த்துவார்கள். அடுத்த முறை அடி வாங்குவது ஆட்டோவும், பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் முதுகும்.

உயரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்கு ஒன்றரை டன் வண்டி அவசியமா என்பதும் கேள்வி. ஓரகடத்தில் தயாராகும் ரெனோ க்விட்டின் அடி இடைவெளி 184 மில்லிமீட்டர். எடை முக்கால் டன்தான்.

முழங்கால் வலியைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிப்பது அநியாயம். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போது முழங்கால் அதிகம் மடங்கியிருக்கிறது. உடம்பின் பாரம் மூட்டிலிருந்து தள்ளி விழுவதால் தொடைத்தசை பெருவிசையோடு இழுக்க வேண்டும். அந்த விசை முழுக்க மூட்டில் இறங்கும். இருக்கை இடுப்பு மட்டத்தில் இருந்தால் பக்கவாட்டில் சாய்ந்து உட்காரலாம், வழுக்கி இறங்கலாம். வயதான அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிக்கொண்டு போகும் மகனுக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆனால் இதற்கான விடையும் எஸ்.யூ.வி.க்கு முன்பே வந்துவிட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த சான்ட்ரோவும், மறுவருடம் வந்த வேகன் ஆரும் உயர்ந்த கூரை, உயர்ந்த இருக்கை, இலகுவான உடம்பு என்று அமைந்தவை. அழகில்லை என்று சொன்னார்கள். வேகன் ஆர் இன்றும் விற்கிறது.

அடுத்த வாதம் பாதுகாப்பு. பெரிய வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு அதிகம் என்பதில் இயற்பியல் உண்மை உண்டு. 1,500 கிலோ வண்டியும் 900 கிலோ வண்டியும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், உந்த அழிவின்மை விதிப்படி சிறியதன் வேகம் ஒரு நொடிக்குள் 75 கிலோமீட்டர் மாறும். பெரியதன் வேகம் 45 மட்டுமே மாறும். உள்ளே இருப்பவரின் மூளையும் நெஞ்சும் தாங்க வேண்டியது இந்த மாற்றத்தைத்தான். பெரியதில் இருப்பவர் மிச்சப்படுத்திய 15 கிலோமீட்டர் எங்கேயும் மறையவில்லை. எதிர்வண்டிக்காரர் கணக்கில் ஏறியது. நம் சாலையில் எதிரே வருபவர் பெரும்பாலும் காரில்கூட வருவதில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள் என்கிறது மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

நடந்து போகிறவரைத் தாழ்ந்த பானெட் காலில் அடித்து மேலே தூக்கிப் போடும். உயர்ந்து செங்குத்தாக நிற்கும் பானெட் இடுப்பிலும் நெஞ்சிலும் அடித்துக் கீழே தள்ளும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பானெட் உயரம் ஒரு மீட்டரைத் தாண்டிய வண்டிகள் மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த பானெட் கொண்டவற்றைவிட 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. நம் சின்ன எஸ்.யூ.வி.கள் அந்த உயரத்துக்குப் போவதில்லை. ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் வகையறா போகின்றன. அவற்றின் முன்னால் இரும்புக் குழாயில் ஒரு கிராஷ் கார்டு வேறு மாட்டிக்கொள்வார்கள். அது 2017 டிசம்பரிலேயே அமைச்சகம் தடுத்த பொருள். மோதலில் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதியை அது நசுங்கவிடாது. பெயர்ப் பலகையும் கொடியும் கட்டிய வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கிறேன்.

காருக்குள் இருப்பவருக்காவது உயரம் முழுப் பாதுகாப்பா? டாடா நெக்ஸான் 2018-இல் குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அடுத்து 2020-இல் அதே கம்பெனியின் அல்ட்ராஸ் ஹேட்ச்பேக்கும் ஐந்து வாங்கியது. அதே 2020-இல், குட்டி எஸ்.யூ.வி. என்று விளம்பரமான எஸ்-பிரெஸ்ஸோ பூஜ்யம் வாங்கியது. நட்சத்திரம் தருவது எஃகின் தரமும் கட்டமைப்பும் காற்றுப்பையும்.

உயரம் தரும் ஒரு தனி ஆபத்தும் உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப்போல் இருமடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். சாதாரண கார்களுக்கு அது 1.3-லிருந்து 1.5 வரை, எஸ்.யூ.வி.களுக்கு 1-லிருந்து 1.3 வரை. எண் குறையக் குறையக் கவிழ்வது எளிது. காய்ந்த தாரில் டயரின் உராய்வு எண் 0.8 அளவுதான் என்பதால், சமதரையில் திருப்பினால் வண்டி கவிழ்வதற்கு முன் வழுக்கும். ஆபத்து சாலை விளிம்பில். உப்பூர்ப் பக்கம் இரவில் ஆட்டு மந்தை குறுக்கிட்டு, டிரைவர் ஒடித்துத் திருப்ப, சக்கரம் தாரிலிருந்து மணலில் இறங்கினால், மணல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். மேலே இருக்கும் ஒன்றரை டன்னும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். கவிழ்ந்து கிடக்கும் எஸ்.யூ.வி. படங்கள் பலவற்றின் பின்கதை இதுதான். இன்று பல வண்டிகளில் இருக்கும் மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கிறது. வாங்குகிறவர்கள் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்குமளவுக்கு இதைக் கேட்பதில்லை.

காற்றுக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கரையில் காற்றைத் தவிர்த்து எதையும் பேச முடியாது. பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. பக்கத்திலேயே, 1988-இல் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் கார்கள் போகும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார்மீது எதிரே 40 கிலோமீட்டர் காற்று வீசினால், காருக்கு அது 120. எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. முகம் எவ்வளவு அகலமோ உயரமோ அவ்வளவு தண்டம். ஒரு ஹேட்ச்பேக்கையும் நடுத்தர எஸ்.யூ.வி.யையும் ஆட்களோடு 1,100, 1,500 கிலோ என்று வைத்து, காற்றில்லாத நாளில் 90 கிலோமீட்டர் வேகத்துக்குக் கணக்குப் போட்டால், முதலாவதைத் தள்ள ஏறக்குறைய 390 நியூட்டன் விசை வேண்டும். இரண்டாவதற்கு 530 அளவில். எஞ்சின் பாரம் ஏறும்போது கொஞ்சம் திறமையாக ஓடும் என்பதால் எரிபொருளில் வித்தியாசம் இதைவிடக் குறையும். சர்வதேச எரிசக்தி முகமை எஸ்.யூ.வி.யின் புகை சுமார் 20 சதவீதம் அதிகம் என்கிறது. லிட்டருக்கு 18 கிலோமீட்டர் தரும் கார், 15 தரும் எஸ்.யூ.வி., வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டம் என்று கொண்டால், கூடுதல் பெட்ரோல் 133 லிட்டர். பணமாக 13,000 ரூபாய்க்கு மேல். கரியமில வாயுவாக 300 கிலோ.

முந்நூறு கிலோ என்பது பெரிதா சிறிதா? உப்பூருக்குப் புரியும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. இங்கே 800 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட அனல்மின் நிலையம் வரவிருந்தது. மீனவர்களும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. திட்டம் உப்பூரைவிட்டுப் போனது. அது முக்கால்வாசித் திறனில் ஓடியிருந்தால் வருடத்துக்குச் சுமார் 95 லட்சம் டன் கரியமில வாயு விட்டிருக்கும். இந்தியாவில் ஒரே ஆண்டில் விற்ற 28 லட்சம் உயர்ந்த வண்டிகள், சின்ன கார்களுக்குப் பதிலாக வந்தவை என்று கொண்டால், கூடுதலாக விடுவது வருடத்துக்கு எட்டரை லட்சம் டன் அளவில். இதே வேகத்தில் பதினோரு, பன்னிரண்டு ஆண்டு விற்றால், சாலையில் ஓடும் கூடுதல் எடைக்காக மட்டும் ஓர் உப்பூர் அனல்மின் நிலையத்தை எரிக்கிறோம் என்று அர்த்தம். இது தோராயக் கணக்கு. அந்த 28 லட்சத்தில் மின்சார வண்டியும் உண்டு, வாடகைக்கு ஏழு பேரை ஏற்றும் வண்டியும் உண்டு. திசை மாறாது.

பாரிஸ் நகரம் 2024 பிப்ரவரி 4 அன்று வாக்கெடுப்பு வைத்து, கனத்த வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது. 54.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். வாக்களிக்க வந்தவர்களோ ஆறு சதவீதத்துக்கும் குறைவு. இங்கே சண்டை வேறு வடிவில் நடக்கிறது. நம் எரிபொருள் சிக்கன விதி வண்டியின் எடைக்கு ஏற்ப இலக்கைத் தளர்த்துகிறது. கனத்த வண்டிக்கு அதிகப் புகை அனுமதி. 2025 செப்டம்பரில் வந்த வரைவில் 909 கிலோவுக்குட்பட்ட சின்ன கார்களுக்குச் சிறு சலுகை சேர்த்ததும், சின்ன கார் விற்கும் மாருதி ஆதரிக்க, எஸ்.யூ.வி. விற்கும் டாடா எதிர்க்க, வழக்கம்போல ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள்.

வெள்ளம்? 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது எத்தனையோ பேர் உயரமான வண்டி இருந்தால் என்று நினைத்திருப்பார்கள். காரின் அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். தண்ணீர் அடித்தட்டுக்கு மேல் பத்துப் பத்து சென்டிமீட்டர் ஏற ஏற, அரை அரை டன் மிதப்பு விசை சேரும். 1.2 டன் கார் கால் மீட்டர் ஏறியதும் மிதக்கும். எஸ்.யூ.வி.க்கு உயரத்தையும் எடையையும் சேர்த்து எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் லாபம். அந்த லாபத்தை நம்பி ஓடும் தண்ணீரில் இறங்குகிறவர்தான் அடித்துச் செல்லப்படுகிறார்.

நிஜத் தேவை உள்ளவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆர்.எஸ். மங்கலம் பெரிய கண்மாய்க் கரையில் மழைக்காலத்தில் போக வேண்டிய நீர்வளத்துறைக்காரர், கரிசல் சேற்றில் மிளகாய் மூட்டை ஏற்றும் சம்சாரி, புயல் எச்சரிக்கையில் மீனவர் குப்பங்களுக்குப் போகும் அதிகாரி. அவர்கள் பொலிரோவோ பிக்கப்போ வைத்திருப்பது நியாயம். பாட்டி, பேரன் சகிதம் ஏழு பேராகவே எப்போதும் பயணம் போகிற குடும்பத்துக்கு ஏழு இருக்கை வண்டி நியாயம். இவர்களை எல்லாம் சேர்த்தாலும் 65 சதவீதம் வராது. உப்பூரிலிருந்து கடலுக்குப் போகும் மண்பாதையில் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு போகிறவர் ஓட்டுவது டி.வி.எஸ். எக்ஸ்.எல். நூறு கிலோவுக்கும் குறைந்த வண்டி, தன் எடையைவிட அதிகப் பாரத்தை ஏற்றுகிறது. இந்தக் கரையின் உண்மையான யுடிலிட்டி வாகனம் அதுதான் என்பேன்.

சாலைகள் சரியாக இருந்தால் இங்கே பெரும்பாலோருக்கு எஸ்.யூ.வி. தேவையில்லை. சாலைகள் சரியாக இல்லாததால் அவர்கள் வாங்குவதையும் குறை சொல்ல முடியாது. எனவே கார் வாங்கப் பணம் சேர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெரு வேகத்தடையை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளைப் பட்டை, முன்னால் பலகை. இல்லையென்றால் அது விதிப்படியான வேகத்தடை இல்லை. ஊராட்சித் தெருவானால் அடுத்த கிராம சபையில் மனுக் கொடுங்கள். பெரிய சாலையானால் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு எழுதுங்கள். மனுவோடு அளவையும் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.